காட்டைக் கலக்க முடியாது, அதனால நடக்கிறோம்

இன்னைக்கு ஒரு கணக்கைப் பத்திப் பேசுவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்னு சொன்னதும் கோபுரமும் பால்கோவாவும்தான் முதல்ல ஞாபகம் வரும். ஊருக்கு மேற்கே மலையில வாழுற சாம்பல் நிற அணில் அப்புறம்தான். அந்த அணிலுக்காக 1988-ல சரணாலயம் அறிவிச்சாங்க. 2021-ல அது மேகமலையோட சேர்ந்து புலிகள் காப்பகமா ஆச்சு. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல. இவ்வளவு பெரிய காட்டுல எது எவ்வளவு இருக்குன்னு எப்படி எண்றது?

முழுசா எண்ண முடியாது. கொஞ்ச இடத்தை எண்ணி, மொத்தத்தைக் கணிக்கணும். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்'னு சொல்வோம் இல்லையா? பானைக்குள்ள எல்லா அரிசியும் ஏறக்குறைய ஒண்ணா வேகும், அதனால அது செல்லும். பால் அப்படி இல்ல, கொழுப்பு மேல வந்து நிக்கும். அதனாலதான் பால் சொசைட்டியில கேனைக் கலக்கிட்டு சாம்பிள் எடுப்பாங்க. காடும் பால் மாதிரிதான். அடிவாரத்துல முள்புதர், ஓடைக்கரையில உயரமான மரங்கள், மேல பசுமைக்காடு, புல்வெளி. ஆனா காட்டைக் கலக்க முடியாதே! அதனால காட்டை வகை வகையா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் எங்க நடக்கணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே வரைபடத்துல முடிவு பண்றோம். அணில் கண்டிப்பா தெரியும்னு செண்பகத்தோப்பு ஓடைக்கரையில மட்டும் நடந்தா, கிடைக்கிற எண் அந்தக் கரைக்கு மட்டும்தான் பொருந்தும்.

நடக்கிற அந்த நேர்கோட்டுக்குப் பேரு டிரான்செக்ட். விடியற்காலையில சத்தம் போடாம, மெதுவா நடக்கணும். ஒரு விலங்கைப் பார்த்தா, முதல்ல பார்த்தப்ப அது எங்க இருந்துச்சோ அந்த இடம் வரைக்கும் ரேஞ்ச்ஃபைண்டர்ல தூரம், காம்பஸ்ல கோணம். உதாரணமா 40 மீட்டர் தூரம், கோட்டுல இருந்து 30 டிகிரின்னா, அது கோட்டுக்குப் பக்கவாட்டுல 20 மீட்டர் தள்ளி இருக்கு. இது எதுக்கு? தள்ளிப் போகப் போக நம்ம கண்ணுக்குத் தப்புறது அதிகமாகும். எவ்வளவு தூரத்துல எத்தனை பார்த்தோம்னு சேர்த்து வச்சா, பார்க்காம விட்டது எவ்வளவுன்னு கணிக்கலாம். 38 மீட்டரை 40-னு முழுசாக்கி எழுதிட்டே போனா, அந்தக் கணிப்பு கெட்டுப்போகும்.

கூட்டை எண்ணினா சுலபம்தானேன்னு தோணும். ஆனா ஒரே அணில் பல கூடு கட்டும், கைவிட்ட கூடும் மரத்துலயே கிடக்கும். பத்து கூடுன்னா பத்து அணில் இல்ல. அணில் இங்க வாழுது, இந்த மரத்தை விரும்புதுன்னு கூடு சொல்லும். எத்தனை அணில்னு அதை மட்டும் வச்சு சொல்ல முடியாது.

புலிக்கு வேற வழி. கைரேகை மாதிரி ஒவ்வொண்ணுக்கும் வரி தனி. அதுலயும் இடது பக்க வரி வேற, வலது பக்க வரி வேற. அதனால தடத்துக்கு ரெண்டு பக்கமும் கேமரா கட்டுறாங்க. 2022 தேசியக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுக்கு 306 புலின்னு வந்தது இப்படிப்பட்ட களப்பணியில இருந்துதான்.

மரத்தையும் எண்ணணும். என்ன மரம், தரையில இருந்து 1.37 மீட்டர் உயரத்துல சுற்றளவு எவ்வளவு, பக்கத்து மரத்தைக் கிளை தொடுதா. கடைசிக் கேள்வி அணிலுக்கு உயிர்க் கேள்வி, ஏன்னா அது மரத்துக்கு மரம் தாவித்தான் போகும். நூறு மரத்துல நடுவுல நாலு போனா, பேப்பர்ல 96 மரம் பத்திரம். அணிலுக்கு வழி அறுந்துபோச்சு.

உங்களுக்குத் தன்னார்வலரா போற வாய்ப்பு கிடைச்சா, ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ரெண்டு கிலோமீட்டர் நடந்தும் எதுவும் தெரியலைன்னா, பூஜ்யம்னே எழுதுங்க. சும்மா நடந்தோமேன்னு வருத்தப்பட வேண்டாம், அதுவும் தகவல்தான். அந்த இடத்துல போன தடவை அஞ்சு பார்த்திருந்தா, அங்க என்ன ஆச்சுன்னு யாராவது போய்ப் பார்க்கிறதுக்கு உங்க பூஜ்யம்தான் காரணமா இருக்கும். அதை மறைச்சு ரெண்டுன்னு எழுதிட்டா, யாரும் போக மாட்டாங்க.