மாதச் சம்பளமும் மக்கட் கல்வியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இவ்விழாவில் இலக்கியத்தின் இனிமையையும் மொழியின் தொன்மையையும் பேசி மகிழ்வது நம் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு உயர்ந்ததாகத் தோன்றாது. பெற்றோருக்கு நிலையான வேலை இருப்பது அவ்வீட்டுக் குழந்தைகளை எவ்வாறு உருவாக்குகிறது என்பதே அப்பொருள். ஆயினும் நம்மில் பலர் இந்த நகரில் வேரூன்றி, இன்று இப்பந்தலில் அமர்ந்திருப்பதற்குக் காரணமே அதுதான் என்பதை மறத்தலாகாது.

நம் முன்னோர் இந்நகருக்கு வந்த வரலாற்றைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். தண்டு எனப்படும் கண்டோன்மென்டைச் சார்ந்து வாழ வந்தவர்கள் ஒரு சாரார். 1884 ஆம் ஆண்டில் தோன்றி, மக்கள் வாயில் பின்னி மில் என வழங்கிய ஆலையின் தறிகளை நம்பி வந்தவர்கள் மற்றொரு சாரார். பின்னர் 1940 இல் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்., 1948 இல் தொலைபேசித் தொழிற்சாலையான ஐ.டி.ஐ., 1953 இல் எச்.எம்.டி., 1954 இல் பி.இ.எல்., 1964 இல் பி.இ.எம்.எல். என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு அவை அடுப்பெரித்தன.

அத்தொழிற்சாலைகள் கொடுத்த சம்பளம் பெருஞ்செல்வம் அன்று. ஆனால் அது தவறாமல் வந்தது. சங்கு ஊதும் நேரம் தெரியும். ஷிப்ட் முடியும் நேரம் தெரியும். சம்பள நாள் தெரியும். அந்தத் தேதியைக் கொண்டு அன்னையர் ஓராண்டுக் கணக்கையே போட்டனர். ஜூன் மாதத்தில் புத்தகம், தீபாவளிக்குத் துணி, சீட்டுப் பணம், ஊரிலுள்ள பாட்டிக்கு மணியார்டர் என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. தூரவாணி நகரிலும் ஜாலஹள்ளியிலும் குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் நடை தூரத்தில் இருந்தன. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பு வரை அதே பள்ளியில் படித்தது. அண்டை வீட்டுக் கன்னடக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் ஒரே தெருவில் வளர்ந்து, ஒருவர் மொழியை மற்றவர் கற்றனர். எழுதப் படிக்கத் தடுமாறிய தொழிலாளியின் மகள் ஆசிரியையானாள், மகன் பொறியாளனானான். அறிவு அவர்களுடையது, அவ்வறிவு வளரத் தேவையான அமைதியை அளித்தது அந்த மாதச் சம்பளம்.

நிலையான வேலை உடையோர்க்குத் துன்பமே வரவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1980 ஆம் ஆண்டின் இறுதியில் இந்நகரின் பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி, 77 நாட்கள் நீடித்தது. வருமானம் நின்ற வீடுகளில் அடகுக் கடை ரசீதுகள் சேர்ந்தன. ஆனாலும் அந்த 77 நாட்கள் கழிந்தபின் திரும்பிச் செல்ல வேலை இருந்தது. வருமானம் சிறிது காலம் தடைப்படுவது வேறு. வேலையே இல்லாமற் போவது வேறு. முன்னதைக் குழந்தைகள் ஒரு கதையாக நினைவில் வைத்துக்கொள்வர். பின்னதோ அவர்கள் வாழ்வின் திசையையே மாற்றிவிடும்.

அதற்குச் சான்று தொலைவில் இல்லை. இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கம் நடத்தியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நிலமற்ற ஏழைத் தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள், அங்கே சென்று, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கிப் பொன் எடுத்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்றுமுதல் அவ்வூரின் பெரிய வேலைத்தலம் பெங்களூராயிற்று. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் ஆயிரக்கணக்கானோர் வேலை தேடி இங்கு வரலாயினர், இன்றும் வருகின்றனர். தந்தை புறப்படும்போது பிள்ளை உறங்குகிறது. அவர் திரும்பும்போதும் உறங்குகிறது. வீட்டுப்பாடத்தைப் பார்ப்பவர் யார்? ஆசிரியரைச் சென்று காண்பவர் யார்?

அயல்நாட்டிலும் இதே நிலை ஆராயப்பட்டுள்ளது. ஆஸ்திரியா நாட்டில் மாரியென்தால் என்னும் சிற்றூரின் நெசவாலை மூடப்பட்டபோது, 1930களின் தொடக்கத்தில் ஆய்வாளர் சிலர் அவ்வூருக்குச் சென்றனர். பள்ளிக் குழந்தைகளிடம் கிறிஸ்துமஸ் பரிசாக என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். பக்கத்து ஊர்க் குழந்தைகள் விரும்பியவற்றைவிட மிகக் குறைந்த விலையுள்ள பொருள்களையே இக்குழந்தைகள் விரும்பினர். அதையும் ‘பெற்றோருக்கு வேலை இருந்திருந்தால்’ என்ற தயக்கத்தோடே எழுதினர். தந்தை வேலை இழந்தால் குழந்தையின் ஆசையும் சுருங்கிவிடுகிறது. ‘எனக்கு இது வேண்டாம் அம்மா’ என்று ஒரு சிறுமி தானாகவே சொல்லப் பழகுவாளாயின், அதைப் பொறுமை என்று நாம் பாராட்டலாகுமா?

நம் நகரின் இன்றைய நிலை என்ன? 1961 இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கி நாடெங்கும் புகழ்பெற்ற எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட 2016 இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. வேலை பெருகாமல் இல்லை. உயர்ந்த கண்ணாடி மாளிகைகளில் பல்லாயிரவர் பணிபுரிகின்றனர். ஆனால் அம்மாளிகைகளைத் துப்புரவு செய்பவரும், வாயிலில் காவல் நிற்பவரும், ஊழியரை வண்டியில் ஏற்றி வருபவரும் பெரும்பாலும் காண்டிராக்டில் இருப்பவர்களே. காண்டிராக்டர் மாறினால் வேலையும் மாறும்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களை எடுத்துக்கொள்வோம். வேலையை விட்டவர் தம் பி.எப். தொகையில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற விதி 2016 பிப்ரவரியில் வந்தது. ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் அப்பெண்கள் பல்லாயிரவராகப் பெங்களூர்ச் சாலைகளில் இறங்கினர். 19 ஆம் தேதியே அவ்விதி கைவிடப்பட்டது. வன்முறை நிகழ்ந்தது வருந்தத்தக்கதே. ஆனால் அக்கோபத்தின் வேர் எது? முதுமைக்கென்று சேர்க்கப்படும் அந்தப் பணம், அடிக்கடி வேலை மாறும் ஒரு தாய்க்குப் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவும் மகளின் திருமணச் செலவாகவும் இருந்தது. நிலையான வேலை இல்லாதவர் நாளையதை எடுத்து இன்றைக்குச் செலவிட நேர்கிறது.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். நிலையான வேலையால் உயர்ந்த நாம், நம்மை அண்டி உழைப்பவர்க்கு அந்த நிலைமையைத் தருகிறோமா? நம் இல்லங்களில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாரும் ஒரு தாய். 2020 மார்ச்சு 25 இல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, ‘வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் வரும்’ என்று சொன்ன வீடுகள் நம் குடியிருப்பில் இருந்தன. ‘வேலைக்கு வந்தபின் பார்ப்போம்’ என்று சொன்ன வீடுகளும் இருந்தன. இரண்டாம் வகையில் நம்மில் சிலரும் இருந்தோம் என்பதை இம்மேடையில் ஒப்புக்கொள்வதில் வெட்கமே உண்டு. ஆயினும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அம்மாதங்களில் அந்த வீட்டுப் பிள்ளை செல்போன் இல்லாமல் பாடத்தைத் தவற விட்டிருக்கக் கூடும் என்று நாம் எண்ணவில்லை.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறோம். முதலாவது, புதிதாக வேலைக்குச் சேரும் நம் இளைஞர் நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுக. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதனை முதலாளியின் கடமையாக்கியுள்ளன. பி.எப். கணக்கில் பணம் செலுத்தப்படுகிறதா என்று மாதந்தோறும் பார்த்துக்கொள்க. இரண்டாவது, பட்டறையோ கடையோ நடத்தும் நம் அன்பர்களும், வீட்டில் ஆள் வைத்திருப்போரும், ஒரு தேதியைக் குறித்து, அத்தேதியில் சம்பளம் கொடுப்பதை ஒரு நோன்பாகக் கொள்க. மூன்றாவது, வேலை இழந்த குடும்பத்தின் குழந்தை அவ்வாண்டு பள்ளியை விட்டு நிற்காதபடி, கட்டணம் செலுத்த நம் சங்கம் ஒரு சிறு நிதியைத் தனியே ஒதுக்குக. உதவி பெறுவோர் பெயர் எந்த மலரிலும் அச்சிடப்படலாகாது; கொடுப்போர் பெயரும் வேண்டியதில்லை.

நம் தந்தையர் வேலை முடிந்து வீடு திரும்பிய மாலைகள் நமக்கு நினைவிருக்கின்றன. சைக்கிள் மணி கேட்டதும் புத்தகத்தை விரித்துக்கொண்டு அமர்ந்தோம். அந்த மணி நாள்தோறும் அதே நேரத்தில் ஒலித்தது. அத்தகைய மாலைகள் இந்நகரின் எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்க்க நம்மால் இயன்றதைச் செய்வோமாக.