ஓடும் பொருள் ஏன் நிற்கிறது?

மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி நிற்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் சற்றுத் தொலைவு ஓடி நின்றுவிடுகிறது. ஆகவே, ஓடும் பொருளை ஏதேனும் ஒன்று ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் அவ்வாறே கருதினார். அவரை நகைப்பதற்கில்லை, கண்ணாற் கண்டதையே அவர் கூறினார்.

இத்தாலிய நாட்டுக் கலிலியோவோ, அது ஏன் நிற்கிறது என்று வினவினார். நேயர்களே, எதிரெதிராகச் சாய்த்து வைத்த இரு பலகைகளை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றின் உச்சியிலிருந்து வழவழப்பான குண்டொன்றை உருட்டிவிட்டால், அது மற்றதில் ஏறத்தாழ அதே உயரத்திற்கு ஏறும். இரண்டாம் பலகையின் சாய்வைக் குறைத்தால், அவ்வுயரத்தை எட்டக் குண்டு இன்னும் நெடுந்தொலைவு ஓட வேண்டும். சாய்வை அறவே நீக்கிவிட்டால்? எட்ட வேண்டிய உயரம் எங்கும் வாராது. உராய்வும் இல்லையெனில் குண்டு ஓடிக்கொண்டே இருக்கும்! இதனைச் செய்து காட்ட எந்தப் பலகையும் போதாது. சிந்தனையாலேயே காண வேண்டும். விதியை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்வது எனக்கு உடன்பாடன்று.

1687-இல் வெளிவந்த தம் நூலில் நியூட்டன் இதனையே முதல் விதியாக அமைத்தார். விசை வேண்டுவது இயக்கத்திற்கு அன்று, இயக்கம் மாறுவதற்கே. 1977-இல் ஏவப்பெற்ற வாயேஜர் 1 விண்கலம், முன்னே தள்ளும் பொறி எதுவும் இயங்காமலேயே, வினாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் ஞாயிற்றை விட்டு அகன்றுகொண்டிருக்கிறது.

நம் சாலைகளிலும் இவ்விதியே ஆள்கிறது. ஓடும் வண்டி தானாக நில்லாது. பிரேக்கின் விசைதான் அதன் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். பிரேக்கை அழுத்தியபின் ஒவ்வொரு வினாடியும் இவ்வேகத்தில் 5 மீட்டர் குறைவதாகக் கொள்வோம். வண்டி 2 வினாடியில் நின்றுவிடும். சராசரி வேகம் 5 மீட்டர். ஆகவே கடந்த தொலைவு 10 மீட்டர். வேகம் இரு மடங்காயின், நிற்பதற்கு 4 வினாடி ஆகும். சராசரி வேகமும் இரு மடங்காவதால் தொலைவு 40 மீட்டர், அதாவது நான்கு மடங்கு.

பிரேக்கை அழுத்தும் கணத்தில் 25 மீட்டருக்கு அப்பால் ஒரு சிறுவன் சாலையின் குறுக்கே நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மெதுவாக வந்த வண்டி அவனுக்கு 15 மீட்டர் முன்னதாகவே நின்றுவிடும். விரைந்து வந்த வண்டியோ அவனை அடையும்போதும் மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.