பலகையில் எழுதப்படாத ஆண்டுகள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெண்களும் விளையாட்டும் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் என்னைக் கேட்டார்கள். எங்கள் கல்லூரியின் விளையாட்டு வரலாற்றைச் சொல்ல என்னிலும் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகவே நான் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வருகிறேன். அவரும் எங்களைப் போல ஒரு மகளிர் பாடசாலையின் பழைய மாணவிதான். பெயர் எம்மா ரடுகானு. டென்னிஸ் வீராங்கனை.

எம்மா 2002 நவம்பர் 13இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பிறந்தவர். தந்தை ருமேனியர், தாய் சீனர். இரண்டு வயதில் பெற்றோருடன் லண்டனுக்கு வந்தார். பிறந்தது ஒரு நாடு, வளர்ந்தது இன்னொரு நாடு, வீட்டிலே வேறு மொழி. இந்தக் கதை எங்களில் பலருடைய பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஐந்து வயதில் மட்டையைப் பிடித்தார். படித்தது தென்கிழக்கு லண்டனில் உள்ள நியூஸ்டெட் வூட் என்ற மகளிர் பாடசாலையில்.

அவருடைய பெற்றோர் படிப்பை விட்டுக்கொடுக்கவில்லை. 2021இல் அவர் உயர்தரப் பரீட்சை எழுதினார். பாடங்கள் கணிதமும் பொருளியலும். அந்த ஆண்டு ஜூலையில், உலகத் தரவரிசையில் 338ஆம் இடத்தில் இருந்தபடி, சிறப்பு அனுமதி பெற்று விம்பிள்டனில் ஆடினார். யாரும் எதிர்பாராத வகையில் நான்காம் சுற்று வரை போனார். அந்தச் சுற்றிலே மூச்சுவிடச் சிரமப்பட்டு, ஆட்டத்தின் நடுவே விலகினார். பதினெட்டு வயதுப் பிள்ளை மூச்சுத் திணறி வெளியேறியதை வைத்து, அழுத்தத்தைத் தாங்கும் மனவலிமை இருக்கிறதா என்று தொலைக்காட்சியில் விவாதித்தார்கள்.

ஓகஸ்டில் பெறுபேறு வந்தது. கணிதத்தில் அதிசிறப்புச் சித்தி, பொருளியலில் ஏ. அப்போது அவர் அமெரிக்காவில் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார். அதே மாதக் கடைசியில் நியூயோர்க்கில் அமெரிக்கப் பகிரங்க டென்னிஸ் போட்டிக்கான தகுதிகாண் சுற்று தொடங்கியது. இவருடைய தரவரிசை 150. தகுதிகாண் ஆட்டங்கள் மூன்று, பிரதான ஆட்டங்கள் ஏழு, ஆக மொத்தம் பத்து. பத்திலும் வென்றார், ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. வழியில் ஒலிம்பிக் சம்பியன் பெலிண்டா பென்சிச்சும் தோற்றார்.

செப்டெம்பர் 11ஆம் திகதி இறுதியாட்டம். எதிரே நின்றவரும் பத்தொன்பது வயதுப் பிள்ளை, கனடாவின் லேலா பெர்னாண்டஸ். வெற்றிக்கு மிக அருகில் வழுக்கி விழுந்து முழங்காலில் இரத்தம் வந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, எதிராளியால் தொடவும் முடியாத ஒரு சேர்வோடு 6-4, 6-3 என்று முடித்தார். தகுதிகாண் சுற்றிலிருந்து வந்து ஒரு கிராண்ட் ஸ்லாம் பட்டத்தை வென்ற முதல் ஆள் அவர்தான். டென்னிஸின் இன்றைய யுகம் தொடங்கிய 1968 முதல் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. பிரித்தானியப் பெண் ஒருவர் அத்தகைய பட்டத்தை வென்று 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. கொரோனாக் காலப் பயணத்தடையால் பெற்றோர் அரங்கில் இருக்கவில்லை.

பெரும்பாலான உரைகள் இந்த இடத்தில் கைதட்டலோடு முடிந்துவிடும். நான் பேச வந்தது இதற்குப் பிந்திய பகுதியைப் பற்றி.

பரீட்சையில் ஒருமுறை சித்தி பெற்றால் அது ஆயுளுக்கும் எங்களுடையது. டென்னிஸில் அப்படியல்ல. ஒரு போட்டியில் பெற்ற புள்ளிகள் 52 வாரங்களில் காலாவதியாகிவிடும். 2022இல் எம்மா அதே அரங்குக்கு நடப்புச் சம்பியனாகத் திரும்பினார். முதற் சுற்றிலேயே தோற்றார். 11ஆம் இடத்திலிருந்து ஒரேயடியாக 83ஆம் இடத்துக்கு இறங்கினார். அடுத்த ஆண்டு இரு கைகளிலும் ஒரு கணுக்காலிலும் சத்திரசிகிச்சை. மாதக்கணக்கில் மட்டையைத் தொட முடியவில்லை. 2024 பிறந்தபோது தரவரிசை 300ஐ ஒட்டி நின்றது.

அந்தக் காலத்தில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதிர்ஷ்டத்தில் வென்றவர், விளம்பரங்களில் மயங்கியவர், பயிற்றுநரை மாற்றிக்கொண்டே இருப்பவர் என்றார்கள். பயிற்றுநர்கள் மாறியது உண்மைதான். ஆனால் பத்து ஆட்டங்களில் இருபது செட்டுகளை அதிர்ஷ்டம் மட்டும் வென்று தராது. இளம் உடம்பு பெரியவர்களின் ஆட்டக் கால அட்டவணைக்குப் பழக ஆண்டுகள் வேண்டும் என்று சொன்னவர்கள் குறைவு.

அவரோ ஆடிக்கொண்டே இருந்தார். 2025 பெப்ரவரியில் துபாயில் ஆடும்போது, தன்னைப் பின்தொடர்ந்து வந்த ஓர் ஆணைப் பார்வையாளர் வரிசையில் கண்டார். பேசாமல் சகித்துக்கொண்டு ஆடவில்லை; நேரே மத்தியஸ்தரிடம் போய்ச் சொன்னார். ஆட்டம் நிறுத்தப்பட்டது, அந்த ஆள் வெளியேற்றப்பட்டார். எதிர்த்து ஆடிய கரோலினா முச்சோவா அருகில் வந்து ஆறுதல் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எம்மா ஆட்டத்தைத் தொடர்ந்தார். தங்கைமாரே, அன்றைய ஆட்டத்தில் அவர் தோற்றார். ஆனாலும் இதை உங்கள் நினைவில் வைத்திருங்கள்: பயம் வந்தால், எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் மியாமியில் காலிறுதி வரை வந்தார். ஜூனில் மீண்டும் பிரித்தானியாவின் முதல்நிலை வீராங்கனையானார். ஓகஸ்டில் நியூயோர்க்கில் முதற் சுற்றில் வென்றார். தான் சம்பியனான அந்தப் போட்டியில் மறுபடியும் ஓர் ஆட்டத்தை வெல்ல அவருக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. அந்த வெற்றிக்குக் கிண்ணம் கிடையாது. எனக்கோ அது 2021இன் கிண்ணத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். மண்டபத்துச் சுவரில் தங்க எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் ஆண்டு. அதற்கு அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதற்குப் பலகை இல்லை. சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளை உயர்தரத்தில் சறுக்கினால், கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் அவளிடம் என்ன கேட்கிறோம்? மாகாண மட்டத்தில் ஓடி வென்ற பிள்ளை முழங்கால் நோவோடு மைதானத்துக்கு வராமல் விட்டால் யார் தேடிப் போகிறோம்? எம்மாவுக்கு மருத்துவரும் பயிற்றுநரும் விளம்பர ஒப்பந்தங்களும் இருந்தன. எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது அப்பாவும் அம்மாவும். சிலருக்கு அதுவும் இல்லை.

ஆகவே உலகெங்கும் பரந்திருக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். வெற்றி பெற்றவர்களுக்குப் பரிசு கொடுக்கிறோம். அது தொடரட்டும். அதோடு நிதியில் ஒரு பங்கை, வென்ற பின் விழுந்த பிள்ளைகளுக்கென ஒதுக்குவோம். காயப்பட்ட பிள்ளை இயன்மருத்துவரிடம் போய்வரப் பயணச் செலவு, இரண்டாம் மூன்றாம் தடவை பரீட்சைக்கு இருப்பவளுக்கு வகுப்புக் கட்டணம், மாதம் ஒருமுறை தொலைபேசியில் நலம் கேட்க ஓர் அக்கா. பெரிய தொகை தேவையில்லை. லண்டனில் இருப்பவர் ஒரு பிள்ளையை, ரொறன்ரோவில் இருப்பவர் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்தால் போதும்.

இந்தக் கல்லூரி நூறு ஆண்டுகள் நின்றது எல்லா ஆண்டும் வென்றதால் அல்ல. மாணவர் குறைந்த ஆண்டுகளும், இடம்பெயர்ந்த ஆண்டுகளும், கூரையில்லாமல் வகுப்பு நடத்திய ஆண்டுகளும் அந்த நூறுக்குள் அடக்கம். அவற்றை எண்ணாமல் நூறு வராது. எங்கள் பிள்ளைகளின் ஆண்டுகளையும் அப்படியே எண்ணுவோம்.