பேஸ் கித்தாரும் மேடை ஒலியும்



கோயில் திருவிழாவோ, கல்யாணமோ, பொங்கல் விழாவோ நெருங்கிவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு அமைத்துவிடுகிறார்கள். தோட்டத்து லயங்களில் இருந்த காலத்திலும் இந்த ஆசை இருந்தது. தோட்டங்களை விட்டுக் குனோங் ராபாட் போன்ற இடங்களில் வீடு எடுத்துக் குடியேறிய பின்னும் அது குறையவில்லை. குழு அமைக்கும்போது ஒருவன் பாட வருகிறான், ஒருவன் கீபோர்டுக்கு ஓடுகிறான், ஒருவன் டிரம்மைப் பிடித்துக்கொள்கிறான். கடைசியில் யாரும் கேட்காமல் மிஞ்சுவது பேஸ் கித்தார். நாலே தந்தி, பாட்டின் மெட்டும் அதில் வருவதில்லை, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது, அதை எப்படிப் பேணுவது, மேடையில் எப்படி ஆபத்தில்லாமல் ஒலிக்கச் செய்வது என்பதை இன்று பார்ப்போம்.

மிருதங்கத்தை எண்ணிப் பாருங்கள். வலந்தலை சொற்களைத் தெளிவாகச் சொல்கிறது. இடப்பக்கத்துத் தொப்பிதான் அந்தச் சொற்களுக்குக் கனம் தருகிறது. தொப்பியின் ஒலியை எடுத்துவிட்டால் வாசிப்பு வெறும் தட்டலாகிவிடும். குழுவில் பேஸ் கித்தாருக்கு உள்ள இடமும் அதுதான். அது தாளத்தையும் சுருதியையும் சேர்த்துக் கட்டுகிறது. அதன் மிகத் தடித்த தந்தி நொடிக்கு சுமார் 41 முறையும், மிக மெல்லிய தந்தி 98 முறையும் அதிர்கின்றன. முன்பு இந்தத் தாழ்ந்த ஒலிக்கு ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர், தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகே இது எல்லாரும் கையாளும் கருவியாயிற்று.

தமிழ்த் திரையிசையில் இக்கருவிக்குத் தனி மதிப்பைத் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் இளையராஜா. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். தாமே கித்தார் கலைஞர். 1976இல் 'அன்னக்கிளி' படத்தில் தொடங்கிய அவருடைய பாடல்களில், பேஸ் கித்தார் பின்னால் நின்று தாளம் போடுவதோடு நிற்காமல், பாடகரோடு கூடவே தனியொரு மெட்டாக நடந்து வருவதைக் கேட்கலாம்.

இங்கே ஓர் அதிசயம் உண்டு. சின்ன டிரான்சிஸ்டர் பெட்டியின் மூன்று அங்குல ஸ்பீக்கரால் நொடிக்கு 41 அதிர்வு உள்ள ஒலியைத் தர முடியாது. ஆனால் நாம் அந்தப் பெட்டியில்தான் பேஸ் மெட்டுகளைக் கேட்டு ரசித்தோம். அது எப்படி? ஒரு தந்தி அதிரும்போது 41 மட்டுமல்ல, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே எழுகின்றன. பெட்டி அந்த மேல் மடங்குகளை மட்டும் தருகிறது. விடுபட்ட அடி ஒலியை நம் செவியும் மூளையும் தாமே நிரப்பிக்கொள்கின்றன. ஆகவே பேஸ் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், அடி ஒலியை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. நடுத்தர ஒலியும் வேண்டும். ஆம்ப்ளிபையரில் 'பேஸ்' குமிழை முழுதும் திருப்பிவிட்டு, "ஒன்றும் கேட்கவில்லையே" என்று சொல்லும் தம்பிகள், அதைக் குறைத்து 'மிட்' குமிழைச் சற்று ஏற்றிப் பார்க்கட்டும்.

இனிக் கருவியைப் பேணும் முறை. பழைய கித்தாரை மலிவாக வாங்கினாலும் பரவாயில்லை, சீராக அமைத்துக்கொண்டால் விரல் நோகாது. முதலில் கழுத்தைப் பாருங்கள். தடித்த தந்தியை முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் அழுத்திப் பிடித்தால், ஏழாம் எட்டாம் கட்டையருகே தந்திக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு முகவரி அட்டை நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக வளைந்திருந்தால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைச் சாவியால் இறுக்கலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். பலம் போட்டுத் திருகினால் கழுத்தே வீணாகிவிடும். அடுத்து, பன்னிரண்டாம் கட்டையில் தந்தி சுமார் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும்.

சுருதி சேர்ந்திருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. பன்னிரண்டாம் கட்டைக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அழுத்தியபோது சுருதி ஏறியிருந்தால், பாலத்தில் அந்தத் தந்தி தங்கும் உலோகத் துண்டைப் பின்னால் தள்ள வேண்டும். இறங்கியிருந்தால் முன்னால் கொண்டுவர வேண்டும்.

நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் தந்தி சீக்கிரம் மங்கிவிடும். வாசித்து முடித்ததும் பழந்துணியால் துடைத்து வைத்தாலே ஆயுள் கூடும். புதுத் தந்தி வாங்க வசதி இல்லாதபோது பழைய தந்திகளைக் கழற்றி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, ஈரம் போகத் துடைத்து மாட்டுவது பல கலைஞர்களின் வழக்கம். அழுக்கு நீங்கிச் சில நாளைக்கு ஒலி பளிச்சென்று இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கித்தாரை விட்டுவராதீர்கள்.

அடுத்து ஆம்ப்ளிபையர். வாட் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்று எண்ணுவது தவறு. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றச் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். தாழ்ந்த ஒலிக்கு மற்ற கருவிகளைவிடச் சக்தியும் கூடுதலாகத் தேவை. ஆகவே சின்ன ஆம்ப்ளிபையரை முடுக்கி ஸ்பீக்கரைக் கிழிப்பதைவிட, டி.ஐ. பெட்டி என்ற சிறு கருவியை வாங்குவது நல்லது. அது கித்தாரின் மெல்லிய மின்னொலியை நீண்ட மைக் வயரில் கெடாமல் மிக்சருக்குக் கொண்டுசெல்லும். மைதானம் முழுதும் கேட்கச் செய்யும் வேலையை மேடையின் பெரிய ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும்.

கோயிலில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியில் மட்டும் பேஸை இணைக்காதீர்கள். அது பேச்சைத் தொலைதூரம் கொண்டுசெல்லும். ஆனால் நொடிக்குச் சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ள ஒலியைத் தராது. வலிந்து கொடுத்தால் உள்ளே இருக்கும் தகடு பழுதாகும். அதேபோல் கித்தார் வயரை ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அதன் உட்கம்பி மெல்லியது, சூடேறிவிடும்.

ஸ்பீக்கர் பெட்டியை எங்கே வைப்பது? தடித்த தந்தியின் ஒலியலை ஒன்றின் நீளம் சுமார் 28 அடி. அவ்வளவு பெரிய அலை சுவர்களில் மோதி, ஓரிடத்தில் குவிந்து, ஓரிடத்தில் மறைந்துவிடுகிறது. குனோங் ராபாட் சுண்ணாம்புக் குன்றின் குகைக் கோயிலுக்குள் நின்று பேசிப் பார்த்தவர்களுக்கு, ஒலி சுவரிலிருந்து எப்படித் திரும்பி வருகிறது என்று தெரியும். தகரக் கூரை போட்ட மண்டபமும் ஓரளவு அப்படித்தான். பெட்டியை மூலையில் தள்ளி வைத்தால் பேஸ் வீங்கும். உள்ளே வெற்றிடமுள்ள பலகை மேடையில் வைத்தால் பலகையும் சேர்ந்து உறுமும். உறுதியான பெட்டியின் மேல் உயர்த்தி, சுவரைவிட்டு விலக்கி வையுங்கள். பிறகு ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கடைசி வரிசை வரை நடந்து கேட்க வேண்டும். அங்கே பாடகரின் சொல் புரிகிறதா? புரியவில்லையென்றால் குறைக்க வேண்டியது பேஸை.

நேயர்களே, இதுவரை சொன்னதில் பிழை செய்தால் பாட்டுத்தான் கெடும். இனிச் சொல்வதில் பிழை செய்தால் உயிர் போகும்.

எங்கள் குழு ஒரு தோட்டத்துத் திருவிழாவில் வாசித்தபோது ஆம்ப்ளிபையரில் 'உம்' என்ற இரைச்சல் ஓயவில்லை. பிளக்கின் எர்த் இணைப்பைக் கழற்றினோம். இரைச்சல் நின்றது. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். மழை தூறிய தரையில் நின்று, தந்தியில் கை வைத்தபடி மைக்கருகே வாயைக் கொண்டுபோன எங்கள் தம்பியை மின்சாரம் தூக்கி எறிந்தது. அவன் பிழைத்தது எங்கள் புண்ணியம். 1972இல் பிரிட்டனின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞருக்கு அந்தப் புண்ணியம் வாய்க்கவில்லை. எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டவர் மேடையிலேயே இறந்தார்.

கித்தாரின் தந்திகள் வயர் வழியாக ஆம்ப்ளிபையரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. ஆம்ப்ளிபையருக்குள் கோளாறு ஏற்பட்டால், எர்த் கம்பி அந்த மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகிறது. எர்த்தை அறுத்துவிட்டால், மண்ணுக்குப் போகும் வழி நம் பிள்ளையின் உடம்புதான். இரைச்சலை நிறுத்த டி.ஐ. பெட்டியில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்ற விசை இருக்கிறது. அதைத் தட்டுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள்.

மேடையில் உள்ள எல்லாக் கருவிக்கும் மைக்குக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் காப்பு விசையைப் பொருத்தி, தொடங்குமுன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயரை முழுதும் விரித்துவிடுங்கள். ஜெனரேட்டர் வைத்தால் உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து எர்த் போடச் சொல்லுங்கள். மழை வந்தால் வாசிப்பை நிறுத்துங்கள். யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் விசையை அணைத்துவிட்டு, 999க்கு அழையுங்கள்.

காதையும் காக்க வேண்டும். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் கால் மணி நேரந்தான்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பினாங்கில் 1960களின் இறுதியில் சிறு குழுவாகத் தொடங்கிய அலிகேட்ஸ், பின்னர் நாடறிந்த குழுவாயிற்று. அதை முன்னின்று நடத்திய லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் நம் இனத்துப் பிள்ளைகளே. எல்லாரும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் மகன் கித்தார் கேட்டால் "வீண் செலவு" என்று உடனே தள்ளிவிடாதீர்கள். வாங்கிக் கொடுக்கும்போது பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

நல்ல பேஸ் வாசிப்பவன் தனித்துத் தெரிவதில்லை. அவன் இருக்கும் குழுவில் பாட்டு நிமிர்ந்து நிற்கும், பாடுகிறவரின் சொல் கடைசி வரிசைக்கும் புரியும், விழா முடிந்து எல்லாரும் நலமாக வீடு திரும்புவார்கள்.