பாண்டியனை நாம் ஏன் மன்னிக்கிறோம்?

(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



நான் இங்கே படித்தபோது இதே மேடையில் ஒரு பட்டிமன்றம். 'பாண்டியன் நெடுஞ்செழியன் குற்றவாளியா?' என்பது தலைப்பு. 'இல்லை' என்ற அணியில் பேசிக் கைதட்டல் அள்ளினேன். கீழே இறங்கியதும் எங்க தமிழ் ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்ப்பா, செத்தது உன் வீட்டு ஆளா இருந்தா இப்படிப் பேசுவியா?" சிரித்து மழுப்பிவிட்டேன்.

சிலம்பைப் படிக்கிற நாம் அரண்மனைக்குள்ளேயே இருக்கிறோம். அரசி ஊடிப் போனதும், அவளைச் சமாதானப்படுத்த மன்னன் அவசரமாகப் போனதும், வாசலில் பொற்கொல்லன் காலில் விழுந்ததும் நமக்குத் தெரியும். விசாரிக்காமல் ஆணையிட்டது தப்புதான். ஆனாலும் எப்படி நடந்தது என்று தெரிந்துவிட்டதால் கோபம் பாதி குறைந்துவிடுகிறது. உடைந்த சிலம்பில் மாணிக்கத்தைக் கண்டதும் தன்னையே கள்வன் என்று சொல்லி அவன் உயிரை விடும்போது நாம் கண் கலங்குகிறோம்.

கண்ணகிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது வெட்டுண்டு கிடந்த கணவன் மட்டும். மதுரை மக்களும் செங்கோல் வளைந்ததைத்தான் கண்டார்கள். அவர்கள் இழந்தவர்கள்; நாம் எதையும் இழக்காதவர்கள். நம் இரக்கத்துக்குச் செலவே கிடையாதுங்க!

பிற்பாடு நான் தலைமையாசிரியர் ஆனேன். ஒருநாள் தேர்வுக் கட்டணப் பணம் காணவில்லை. ஒருவர் சொன்னதை நம்பி, ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அன்று பள்ளியில் ஆய்வு. வீட்டில் மகளுக்குக் கடும் காய்ச்சல். நான்காம் நாள் பணம் ஒரு பேரேட்டுக்குள் இருந்தது. பையன் வீட்டுக்கு ஓடினேன். அவன் அம்மா, "அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார், அவ்வளவுதான். பையன் பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

என் கதையை யாராவது எழுதினால், மகளின் காய்ச்சலைப் படித்த வாசகர் என்னை மன்னித்துவிடுவார். அந்தத் தாய் ஏன் மன்னிக்க வேண்டும்? ஐயாவின் கேள்விக்கு அன்றுதான் விடை கிடைத்தது. இரக்கப்படுவது வாசகர் உரிமை. மன்னிப்பது இழந்தவர் உரிமை. வஞ்சிக் காண்டத்தில் தெய்வமாகிவிட்ட கண்ணகி, பாண்டியன்மேல் குற்றமில்லை என்கிறாள். அதை அவள் சொல்லலாம். பட்டிமன்ற மேடையில் நான் சொன்னது மலிவான பேச்சு.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்களும் ஏதாவது ஒரு நாற்காலியில் உட்காருவீர்கள். கையெழுத்துப் போடும் முன், எதிரே நிற்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.