‘சூப்பர்மேன்’ படமும் நம்பகத்தன்மையும்



இலக்கிய நிகழ்ச்சி ஒன்றிலே ‘சூப்பர்மேன்’ பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. கதை சொல்லும் கலையின் அடிப்படைப் பிரச்சினை ஒன்று இந்தப் படத்திலே வெகு தெளிவாகத் தெரிகிறது என்பதுதான் என் பதில். அது நம்பகத்தன்மை பற்றிய பிரச்சினை. நான் சித்திரக்கதைகளை ஆராய்ந்தவன் அல்லன், விஞ்ஞானியும் அல்லன். ஓய்வு நேரத்திலே படம் பார்க்கும் சாதாரண இரசிகன். அந்த நிலையில் நின்றே பேசுகிறேன்.

ரிச்சர்ட் டொனர் நெறிப்படுத்திய ‘சூப்பர்மேன்’ 1978 டிசம்பரில் வெளிவந்தது. இன்று ஹொலிவூட்டிலிருந்து வருடந்தோறும் வந்து குவிகின்ற அதிமானிடர் படங்களுக்கெல்லாம் வழி திறந்துவிட்ட படம் அது. சில வாரங்களுக்கு முன்னர் வீட்டிலே அதனை மறுபடியும் பார்த்தேன். என் தமக்கையின் பேரன், பத்து வயதுச் சிறுவன், பக்கத்தில் இருந்தான். மனிதன் ஆகாயத்திலே பறந்தபோது அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விழுகின்ற ஹெலிகொப்டரை ஒற்றைக் கையால் தாங்கியபோதும் கேட்கவில்லை. படம் முடியும் தறுவாயிலேதான் ஒரு கேள்வி கேட்டான். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரிப்டன் என்ற கிரகம் அழியப்போகிறது. அங்குள்ள அறிஞர் ஜோர்-எல் தமது குழந்தையை விண்கலத்தில் வைத்துப் பூமிக்கு அனுப்புகிறார். இப்பாத்திரத்தில் நடித்தவர் மார்லன் பிராண்டோ. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே பிள்ளையில்லாத விவசாயத் தம்பதியர் அக்குழந்தையைக் கண்டெடுத்து, கிளார்க் கென்ற் என்று பெயரிட்டு வளர்க்கிறார்கள். வளர்ந்தபின் அவன் நகரத்துக்கு வந்து பத்திரிகை நிருபனாகிறான். கண்ணாடி அணிந்த, கூச்ச சுபாவமுள்ள நிருபன் ஒரு பக்கம். ஆபத்து வந்தால் பறந்து செல்லும் சூப்பர்மேன் மறுபக்கம். உடன் வேலை செய்யும் லொயிஸ் லேன் என்ற பெண்ணுக்கு இருவரும் ஒருவரே என்பது தெரியாது.

இதிலே நம்பக்கூடியது எவ்வளவு? விஞ்ஞானக் கண்ணோடு பார்த்தால் அனேகமாக எதுவுமே இல்லை. கிளீவ்லண்ட் நகரத்து இளைஞர்களான ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் இருவரும் 1938இல் ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலாவது இதழில் இப்பாத்திரத்தை அறிமுகம் செய்தபோதே இந்தக் கவலை அவர்களுக்கு இருந்திருக்கிறது. முதற் கதையிலேயே அவனுடைய பலத்துக்கு ஒரு விஞ்ஞான விளக்கம் தருகிறார்கள். எறும்பு தன் எடையைப்போலப் பல மடங்கு பாரத்தைத் தூக்குகிறது. வெட்டுக்கிளி தன் உடலளவைப்போலப் பல மடங்கு தூரம் பாய்கிறது. அப்படியானால் வேற்றுக்கிரகத்து மனிதன் ஏன் செய்யக்கூடாது என்பது அவ்விளக்கம். அன்றைய சூப்பர்மேன் பறக்கவும் இல்லை. பாய்ந்தான், அவ்வளவுதான், அதுவும் ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம். பறக்கும் ஆற்றல் பின்னர் வந்து சேர்ந்தது. அவனைப் பலவீனப்படுத்தும் கிரிப்டோனைற் என்ற கல்லோ 1943இல் அமெரிக்க வானொலித் தொடரிலேதான் முதன்முதலில் வந்தது. வானொலிக்கும் இக்கதையில் ஒரு பங்கு உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சி.

அந்த எறும்பு விளக்கம் சரியானதா? இல்லை. உடல் பெருக்கும்போது பலமும் எடையும் ஒரே அளவில் பெருகுவதில்லை என்பதை 1638இலேயே கலிலியோ எடுத்துக்காட்டியிருக்கிறார். ஓர் உயிரினத்தை எல்லாப் பக்கத்திலும் 10 மடங்கு பெருப்பித்தால், அதன் தசையின் குறுக்குப் பரப்பு 100 மடங்காகும். எடை 1000 மடங்காகிவிடும். பலமோ பரப்பைப் பொறுத்தது. ஆகவே மனிதனளவு எறும்பு ஒன்று இருந்தால், பாரம் தூக்குவது கிடக்கட்டும், தன் காலில் எழுந்து நிற்பதே அதற்குப் பெரும்பாடாகிவிடும்.

இனி, ஹெலிகொப்டர் காட்சியை எடுத்துக்கொள்வோம். உயர்ந்த கட்டிடத்தின் உச்சியிலிருந்து லொயிஸ் விழுகிறாள். சூப்பர்மேன் கீழிருந்து பறந்து வந்து அவளைக் கையில் ஏந்துகிறான். அவள் 30 மீற்றர் விழுந்திருந்தாள் என்று வைத்துக்கொண்டால், அவளது வேகம் மணிக்கு ஏறக்குறைய 87 கிலோமீற்றர். அந்த வேகத்தை அரை மீற்றருக்குள் நிறுத்தினால், அவள் உடம்பு தாங்க வேண்டிய விசை அவளுடைய எடையைப்போல 60 மடங்கு. அவனோ மேல்நோக்கி வந்துகொண்டிருக்கிறான். ஆகவே நிலைமை இன்னும் மோசம். இரும்பு போன்ற கைகளில் அப்படி விழுவதும் நிலத்தில் விழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். 1973இல் வெளிவந்த ‘ஸ்பைடர்மேன்’ சித்திரக்கதை ஒன்று இந்த உண்மையை ஏற்றுக்கொண்டது. பாலத்திலிருந்து விழும் தன் காதலி குவென் ஸ்ரேசியை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடிக்கிறான். பிடித்துவிட்டான், ஆனால் அவள் இறந்துவிடுகிறாள். திடீரென நிறுத்தப்பட்ட அதிர்ச்சியே கழுத்தை முறித்தது. அக்கதையை வாசித்த தலைமுறை அதனை இலகுவில் மறக்கவில்லை.

ஆயினும், லொயிஸ் காப்பாற்றப்படும்போது நாம் கணக்குப் பார்க்கிறோமா? இல்லையே. ஏன்?

நெறியாளர் டொனர் இப்படத்துக்கான தாரக மந்திரமாக ஒரு சொல்லைத் தமது அலுவலகத்திலே எழுதி வைத்திருந்தாராம். மெய்போலத் தோன்றுதல் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். மெய் அல்ல, மெய்போலத் தோன்றுதல். அதற்காகப் படக்குழுவினர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கணினி வரைகலை உதவிக்கு வராத காலம் அது. நடிகரைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். பின்னணிக் காட்சியைத் திரையில் விழுத்தும் கருவிக்கும் கமெராவுக்கும் ஒருசேர இயங்கும் வில்லைகளைப் பொருத்தினார்கள். இதனால் நடிகர் நின்ற இடத்தில் நிற்க, அவர் நம்மை நோக்கி விரைந்து வருவதுபோலத் தோன்றியது. சொரான் பெரிசிக் என்பவர் உருவாக்கிய முறை அது. தந்திரக் காட்சிகளுக்காக இப்படத்துக்கு விசேட ஒஸ்கார் விருதும் கிடைத்தது. மனிதன் பறப்பதை நீங்கள் நம்புவீர்கள் என்று விளம்பரம் செய்தார்கள். மக்களும் நம்பினார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், நம்ப வைத்தது கம்பியும் வில்லையும் மாத்திரமல்ல. கிறிஸ்ரோபர் ரீவ் என்ற நடிகர். படத்தில் ஒரு காட்சி. லொயிஸின் வீட்டிலே கிளார்க் தனியே நிற்கிறான். அவள் உள்ளே போயிருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைக்கிறான். கண்ணாடியைக் கழற்றுகிறான். கூனிய முதுகு நிமிர்கிறது. தோள் விரிகிறது. குரல் கனக்கிறது. நம் கண் முன்னாலேயே அவன் வேறு மனிதனாகிறான். அவள் திரும்பி வந்ததும் துணிவு போய்விடுகிறது. கண்ணாடி மீண்டும் ஏறுகிறது, தோள் ஒடுங்குகிறது. இதிலே எந்தத் தந்திரமும் இல்லை. ஒரு மூக்குக்கண்ணாடி ஒருவனை மறைத்துவிடுமா என்று அதுவரை சிரித்தவர்கள் இந்தக் காட்சிக்குப்பின் சிரிக்கமாட்டார்கள்.

ஆகவே, நம்பகத்தன்மை என்பது இயற்கை விதிகளோடு ஒத்துப்போவது அல்ல. இதனை அரிஸ்டோட்டில் தமது ‘கவிதையியல்’ நூலிலே எப்போதோ சொல்லிவிட்டார். நம்பமுடியாதபடி சொல்லப்படும் நடக்கக்கூடிய நிகழ்ச்சியைவிட, நம்பும்படி சொல்லப்படும் நடக்கவியலாத நிகழ்ச்சியே கவிஞனுக்கு ஏற்றது என்பது அவர் கருத்து. 1817இல் கோல்றிட்ஜும், வாசகன் தானே விரும்பித் தன் அவநம்பிக்கையை ஒதுக்கி வைக்கிறான் என்று விளக்கினார். விரும்பி ஒதுக்கி வைக்கிறான் என்பதைக் கவனியுங்கள். அது ஓர் உடன்படிக்கை. இரசிகன் தன் பங்கைச் செய்கிறான். கதாசிரியனும் தன் பங்கைச் செய்ய வேண்டும்.

கதாசிரியனின் பங்கு என்ன? தான் சொன்ன சொல்லைத் தானே மீறாதிருப்பது. நமது புராணங்களிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். இரணியன் பெற்ற வரம் நமக்குத் தெரியும். பகலிலும் சாவில்லை, இரவிலும் சாவில்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மனிதராலும் இல்லை, மிருகத்தாலும் இல்லை. திருமால் நினைத்திருந்தால் அந்த வரத்தையே இல்லாமற் செய்திருக்க முடியாதா? முடியும். ஆனால் அப்படிச் செய்யவில்லை. வரத்தின் ஒவ்வொரு நிபந்தனையையும் மதித்து, அந்திப் பொழுதிலே, வாசற்படியிலே, நரசிங்கமாகத் தோன்றுகிறார். தூண் பிளந்து சிங்கம் வருவதை நாம் ஏற்றுக்கொள்கிறோம். கதை தன் நிபந்தனையை மீறியிருந்தால் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டோம்.

‘சூப்பர்மேன்’ படமும் பெரும்பாலான நேரம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அதனுடைய நிபந்தனை எங்கே விதிக்கப்படுகிறது? கன்சாஸ் பகுதியிலே. வளர்ப்புத் தந்தை ஜொனதன் மாரடைப்பால் இறந்துபோகிறார். இத்தனை சக்தி இருந்தும் தந்தையைக் காப்பாற்ற முடியவில்லையே என்று கல்லறையருகே மகன் மனம் வருந்துகிறான். படத்தின் இருதயம் அந்த இடந்தான். எவ்வளவு பலசாலியானாலும் சாவுக்கு முன்னால் அவன் நம்மைப்போல ஒருவனே. அதனாலேயே அவன்மீது நமக்கு அன்பு உண்டாகிறது. மனித வரலாற்றிலே தலையிடக்கூடாது என்று ஜோர்-எல்லும் விலக்கு விதித்திருக்கிறார். இது இரண்டாவது நிபந்தனை.

இனிப் படத்தின் முடிவுக்கு வருவோம். வில்லன் லெக்ஸ் லூதர் இரண்டு ஏவுகணைகளை ஏவுகிறான். ஒன்று கலிபோர்னியாவின் நிலப்பிளவை நோக்கி. மற்றது நியூ ஜேர்சியை நோக்கி. லூதருடைய கூட்டாளியான பெண்ணின் தாய் இருப்பது நியூ ஜேர்சியில். என் தாயை முதலில் காப்பாற்று என்று வாக்குறுதி பெற்ற பின்னரே அவள் சூப்பர்மேனை விடுவிக்கிறாள். அவன் வாக்கைக் காப்பாற்றுகிறான். கலிபோர்னியாவுக்கு வரப் பிந்திவிடுகிறது. பூமி அதிர்கிறது. லொயிஸ் காரோடு மண்ணில் புதைந்து இறந்துபோகிறாள். எவ்வளவு அருமையான சிக்கல்! வாக்குத் தவறாமைக்குக் கொடுத்த விலை காதலியின் உயிர்.

ஆனால் அடுத்த நிமிடமே அவன் ஆகாயத்தில் எழுந்து பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறான். பூமி எதிர்ப்புறமாகச் சுழல்கிறது. காலம் பின்னோக்கிப் போகிறது. லொயிஸ் உயிரோடு எழுகிறாள்.

அப்பொழுதுதான் பக்கத்தில் இருந்த சிறுவன் கேட்டான்: “அப்ப, தன்ர அப்பா செத்த நேரம் ஏன் இப்பிடிச் செய்யேல்லை?” அப்போது அவனுக்குப் பறக்கத் தெரியாது என்றேன். “பிறகு பழகினவர்தானே? பழகின பிறகு திரும்பிப் போயிருக்கலாமே?” என்றான். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

பூமி திசைமாறிச் சுழன்றால் காலம் திரும்பாது என்பது உண்மைதான். மத்திய கோட்டில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்கு சுமார் 1670 கிலோமீற்றர். அது சட்டென்று மாறினால் கடலும் காற்றும் கட்டிடங்களும் என்னவாகும்? அவன் ஒளியையும் விஞ்சிப் பறந்து காலத்தில் பின்சென்றான், பூமி திரும்புவது அதன் விளைவாகத் தெரியும் காட்சி மாத்திரமே என்று சமாதானம் சொல்லும் இரசிகர்களும் உண்டு. அப்படியானால் பூமியைச் சரியான திசையில் மறுபடி சுழலவைக்க அவன் எதிர்ப்பக்கமாகப் பறப்பானேன்?

ஆனால் சிறுவன் கேட்டது பௌதிகக் கேள்வி அல்ல. கல்லறையருகே சொல்லப்பட்டது என்னவாயிற்று என்றுதான் அவன் கேட்டான். அந்தக் கண்ணீரைப் படம் மறந்துவிட்டது, அவன் மறக்கவில்லை. காலத்தைத் திருப்பலாம் என்றால் எந்தச் சாவும் சாவல்ல. எந்த வாக்குறுதிக்கும் விலை இல்லை. ஜோர்-எல்லின் விலக்கை மீறியதற்கு அவனுக்கு ஒரு தண்டனையும் கிடைக்கவில்லை. கதையின் சிக்கல் கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், மேலிருந்து இறக்கப்படும் பொறியினால் அல்ல என்று அரிஸ்டோட்டில் எச்சரித்தது இதனைத்தான்.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. முதலாம், இரண்டாம் படங்களைச் சேர்த்தே படமாக்கினார்கள். இந்த முடிவு இரண்டாம் படத்துக்கென வைத்திருந்தது. பின்னர் முதற் படத்துக்கு மாற்றப்பட்டது. வேறொரு கதைக்குத் தைத்த சட்டையை இதற்கு அணிவித்தார்கள். பொருந்தாமற் போனதில் வியப்பில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். லொயிஸின் உடலைக் கையில் வைத்துக்கொண்டு ரீவ் அலறும்போது, அவள் பிழைக்க வேண்டும் என்று நானும் விரும்பினேன். இழந்தவரைத் திரும்பப் பெறும் ஆசை மனிதருக்கு இயல்பானது. ஆனால் நாம் விரும்புவதைக் கொடுப்பது மாத்திரம் கதையின் வேலை அல்ல.

அந்த நடிகரின் வாழ்க்கை பின்னர் எப்படி ஆயிற்று என்பதை நேயர்கள் பலரும் அறிவீர்கள். 1995 மே மாதத்தில் குதிரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனார். மூச்சுக்கும் இயந்திரம் தேவைப்பட்டது. அப்போது அவருக்கு 42 வயது. எந்தப் பூமியையும் திருப்பிச் சுழற்ற முடியவில்லை. ஆயினும் அடுத்த ஒன்பது ஆண்டுகள் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே படம் நெறிப்படுத்தினார், நடித்தார், நூல் எழுதினார், முள்ளந்தண்டுக் காயங்கள் பற்றிய ஆராய்ச்சிக்காகக் குரல் கொடுத்தார். 2004 ஒக்டோபரில் காலமானார்.

படத்தின் முடிவில் காணாத வீரத்தை நான் அந்த ஒன்பது ஆண்டுகளில் காண்கிறேன். நடந்ததை மாற்ற முடியாது என்று தெரிந்த பிறகும் செய்யக்கூடியதைச் செய்வது. அடுத்த முறை பார்க்கும்போது, கல்லறைக் காட்சியிலே படத்தைச் சற்று நிறுத்தி, இதைத்தான் அந்தச் சிறுவனுக்குச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறேன்.