முகத்துக்கும் ஒரு நோட்டு போடுவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்று மாதம் முன்பு ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு கூட்டம் கூட விடாத அக்கா ஒருத்தர் தொடர்ந்து மூன்று கூட்டமாக வரவில்லை என்றார்கள். சேமிப்புப் பணத்தை மட்டும் மகளிடம் கொடுத்து விடுகிறாராம். வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் கதவைத் திறந்தார். "முகமெல்லாம் எரியுது மேடம். பரு பருவா கிளம்புது. ஒட்டிக்கிற வியாதின்னு பேசுறாங்க. நான் எப்படிக் கூட்டத்துல வந்து உட்கார்றது?" என்று அழுதார்.

"அக்கா, எனக்கும் இதேதான் இருக்கு" என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அவரிடம் சொன்னதை இன்று உங்களிடமும் சொல்கிறேன்.

என் கதை

எனக்கு இது 31 வயதில் ஆரம்பித்தது. வெயிலில் வண்டியில் ஊர் ஊராகப் போகிற வேலை. வீடு திரும்பினால் கன்னமும் மூக்கும் அடுப்பு முன்னால் உட்கார்ந்த மாதிரி கொதிக்கும். பரு என்று நினைத்து மெடிக்கல் கடையில் கேட்டேன். ஒரு டியூப் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "என்ன, கலர் கூடிட்டீங்க!" என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான்.

ஐந்து மாதம் தடவினேன். ஒரு நாள் தடவாவிட்டால் எரியும், தடவினால் அடங்கும். பிறகு தடவினாலும் அடங்கவில்லை. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள், உங்களுக்கெல்லாம் ஆரோக்கிய வகுப்பு எடுக்கிறவள், அந்த டியூப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படிக்கவில்லை. கடைசியில் அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். எனக்கு இருப்பது ரோசேசியா. நான் தடவியது ஸ்டீராய்டு. அது ரோசேசியாவை இன்னும் மோசமாக்கிவிட்டது.

ரோசேசியா என்றால் என்ன?

முகத்தோலில் உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்து, தோல் அழற்சி அடைவதுதான் இது. பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் வரும். கன்னம், மூக்கு, நெற்றி, தாடையில் சூடு, எரிச்சல், குத்தல், பரு போன்ற கட்டிகள் தெரியும். வெள்ளைத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம்ம நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது. அதனால் பலருக்கும் இது என்னவென்றே கண்டுபிடிக்கப்படுவதில்லை.

இது ஒட்டாது. அழுக்கினால் வருவதில்லை. குடிப்பழக்கம் என்று யாராவது ஜாடை பேசினால் அதுவும் தப்பு. தொழுநோயும் இல்லை. அது வேறு நோய், அதுவும் மருந்தில் குணமாகக்கூடியதுதான்.

ரோசேசியா அடியோடு போகாது. சர்க்கரை, பி.பி. மாதிரி கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம். மெட்ரோனிடசோல் ஜெல், அசெலாயிக் அமிலக் களிம்பு, ஐவர்மெக்டின் கிரீம், தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை என்று மருந்துகள் இருக்கின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டியூப்பைப் படியுங்கள்

குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன். இந்தப் பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆங்கிலம் படிக்க வராவிட்டால் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "பக்கத்து வீட்டு அக்கா போட்டாங்க, கலர் ஆனாங்க" என்று வாங்காதீர்கள். ஏற்கெனவே மாசக்கணக்காகப் போடுகிறவர்கள் பயந்துபோய்த் தாங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினதும் எரிச்சல் பலமாகத் திரும்ப வரும். டியூப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள்.

நோட்டு எப்படிப் போடுவது?

குழுவில் வரவு செலவு எழுதாமல் பணம் எங்கே போச்சு என்று தெரியுமா? முகமும் அப்படித்தான். இன்று என்ன சாப்பிட்டேன், எங்கே போனேன், என்ன வேலை செய்தேன், முகம் எப்படி இருந்தது என்று தினம் இரண்டு வரி எழுதினேன். ஒன்றரை மாதத்தில் தெரிந்துவிட்டது. எனக்கு ஆகாதவை நான்கு: மதிய வெயில், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் டீ, அடுப்பு அனல், மனசில் டென்ஷன். கத்தரிக்காயையும் கருவாட்டையும் விடச் சொன்னார்கள். எழுதிப் பார்த்ததில் அவற்றால் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. வேறொருவருக்குக் காரமான சாப்பாடு ஆகாமல் போகலாம். யாருக்கு எது என்று அவரவர் நோட்டுதான் சொல்லும்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான்:

* டீயை நன்றாக ஆற்றிக் குடிக்கிறேன்.
* வெயிலில் குடை, பருத்தித் துணி. டாக்டர் சொன்ன எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன்.
* ஜன்னல் பக்கம் அடுப்பு. வறுக்கிற வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன்.
* முகத்தைத் தேய்ப்பதில்லை. எலுமிச்சம்பழம், பிளீச்சிங், ஆவி பிடித்து பேஷியல் எதுவும் கிடையாது.
* எரிச்சல் கிளம்பினால் நிழலில் உட்கார்ந்து, பானைத் தண்ணீரில் நனைத்த துணியை முகத்தில் ஒற்றி எடுக்கிறேன்.

கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், கண் சிவப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை இருந்தால் உடனே கண் டாக்டரைப் பாருங்கள். ரோசேசியா கண்ணையும் பாதிக்கும். முகத்தில் தடிப்போடு மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி கொட்டுதல் சேர்ந்து வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். தள்ளிப் போடாதீர்கள்.

அந்த அக்கா இப்போது

அவர் வீட்டிலும் ஒரு டியூப் இருந்தது. இரண்டு பேருமாக மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் சொன்னபடி ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார். நடுவில் சில வாரம் முகம் முன்னைவிட அதிகமாக எரிந்தது. அப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டார். இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

அவர் குழு என்ன செய்தது தெரியுமா? மதியம் 3 மணிக் கூட்டத்தை மாலை 6 மணிக்கு மாற்றியது. பலகாரத் தொழிலில் அவரை எண்ணெய்ச் சட்டியிலிருந்து பாக்கெட் போடும் வேலைக்கு மாற்றியது. ஒட்டாது என்று தெரிந்ததும் பக்கத்தில் உட்கார இடமும் விட்டார்கள். போன கூட்டத்தில் முந்தானை இல்லாத முகத்தோடு வந்து உட்கார்ந்து தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் குழுவில் யாராவது காரணம் சொல்லாமல் வராமல் இருந்தால், அபராதம் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று கேட்டு முடிக்கிறேன்.